ஆறாவது மாடிக்காரரின் கார்

ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், அலுவலகத்தில் அன்பளிப்பாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வரும் வழியில், லிஃப்ட்காரர் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். இனிமேல் மேலேயும் கீழேயும் போவதில்லை. முன்னால்தான் போவது. அதுவும் வேகமாக.

அவர் பார்த்த உத்தியோகத்துக்கு 'லிஃப்ட் பரிசோதனை அதிகாரி' என்றுதான் சொல்ல வேண்டும். தெருவில் யாருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை. லிஃப்ட்காரர் என்றால் போதும், தபால்கூடத் தப்பாமல் வந்து சேரும். ஊரில் இருக்கிற லிஃப்டிலெல்லாம் முப்பத்திரண்டு வருஷம் ஏறி இறங்கியவர். போன தூரத்தைக் கூட்டினால் பாதி உலகத்தைச் சுற்றி வந்திருப்பார். பார்த்த காட்சி என்னவோ மூன்று சுவரும் ஒரு கதவும்தான். சில லிஃப்டில் கண்ணாடி இருக்கும். அதில் வருஷத்துக்கு வருஷம் முடி குறைந்துகொண்டே வரும் ஒரு மனிதர் தெரிவார்.

அந்த மனிதருக்கு ஒரு ஆசை இருந்தது. சிவப்பாக, தாழ்வாக, இரண்டே கதவோடு, நின்ற இடத்திலேயே உறுமுகிற ஒரு கார்.

ஆசைக்குப் பணம் வேண்டுமே. ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதி வங்கியில் இருந்தது. அதை எடுக்க அவர் கையெழுத்தும் வேண்டும், மனைவி கையெழுத்தும் வேண்டும். அவர் ஒருவர் கையெழுத்தில் வரக்கூடியது ஒரே ஒரு தொகைதான். அது விமான டிக்கெட்டுப் பணம். தூர தேசத்தில் இருக்கும் மகளுக்கு இன்னும் ஏழு மாதத்தில் தலைப்பிரசவம். அம்மா பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெறமாட்டேன் என்று அவள் டாக்டரிடமே சொல்லிவைத்திருந்தாள். கணவனும் மனைவியுமாகப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. டிக்கெட் விலை இறங்கும்போது பார்த்து வாங்குகிறேன் என்று லிஃப்ட்காரர் பொறுப்பெடுத்துக்கொண்டார்.

டிக்கெட் விலை இறங்குவதற்கு முன்னால் கார் விலை இறங்கிவிட்டது.

வண்டிக்குப் பதினெட்டு வயசு. ஒரு பல் டாக்டர் வைத்திருந்தார். புதிதாக வந்த காலத்தில் அதன் விலைக்கு ஒரு வீடு வாங்கியிருக்கலாம். இப்போது இரண்டு விமான டிக்கெட்டுக்குள் அடங்கிவிட்டது. இவ்வளவு மலிவாக ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, முதுகு வலி, தாழ்வான வண்டியில் ஏறி இறங்க முடியவில்லை என்றார் டாக்டர். வலிக்கவே வலிக்காது என்று சொல்லிப் பல்லைப் பிடுங்குகிற அதே குரல். லிஃப்ட்காரருக்கு அது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

அவர் திட்டம் சுலபமானது. நாலு மாதம் ஆசை தீர ஓட்டுவது. பிறகு லாபத்துக்கு விற்பது. லாபம் வராவிட்டால் வாங்கிய விலைக்கு. அந்தப் பணத்தில் டிக்கெட். யாருக்கு என்ன நஷ்டம்?

வண்டி ஷெட்டுக்குள் நுழைந்த சத்தத்தில் சமையலறைப் பாத்திரம் அதிர்ந்து, அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"யாரோடதுங்க இது?"

வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார் மனிதர். எடுத்தவுடன் உண்மையைச் சொல்லிவிடுவது, அவள் கோபப்பட்டால் ஒரு சுற்று அழைத்துப்போவது என்று. மனைவி முகத்தைப் பார்த்ததும் வாய் தன்னிஷ்டத்துக்குப் பேசியது.

"ஒரு ஃபிரண்டோடது."

"எந்த ஃபிரண்டு?"

"உனக்குத் தெரியாது. ஆறாவது மாடிக்காரர். லிஃப்ட் செக் பண்ணப் போறப்போ பழக்கம். வெளிநாடு போயிருக்கார். வர்ற வரைக்கும் பாத்துக்கங்கன்னு கொடுத்தார்."

"எப்ப வருவார்?"

"வருவார். வராம எங்க போகப் போறார்?"

அந்த அம்மாள் முகத்தில் ஒரு பயபக்தி வந்து உட்கார்ந்தது. லிஃப்ட்காரர் சறுக்கியது அங்கேதான். உலகத்தில் வேறு யாரிடம் வேண்டுமானாலும் ஒரு பொருளை இரவல் என்று சொல்லலாம். பொது நூலகத்தில், இரவல் பிரிவில், இருபத்தெட்டு வருஷமாகத் தேதி முத்திரை குத்துகிற ஒரு பெண்ணிடம் மட்டும் சொல்லக்கூடாது.

மறுநாள் காலையில் அவர் ஷெட்டுக்குப் போனபோது காருக்கு அட்டை போட்டாகிவிட்டது. இருக்கைகளுக்கெல்லாம் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துத் தைத்த உறை. ஸ்டியரிங்குக்கு ஒரு துணிச் சுற்று. ஷெட் சுவரில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு நூலகச் சீட்டு. வாங்கிய தேதி எழுதியிருந்தது. திருப்பித் தரவேண்டிய தேதிக்கு நேரே ஒரு கேள்விக்குறி.

அதோடு விட்டாளா? வண்டியை எடுக்கவே வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள். பேட்டரி செத்துவிடும் என்று இவர் கெஞ்சிக் கூத்தாடியதில், வாரத்துக்கு ஒரு நாள் பத்து நிமிஷம் என்று இறங்கி வந்தாள். அதுவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் முந்நூறு குதிரை பூட்டிய அந்த வண்டி, தெருவைச் சைக்கிள்காரர்களுக்குப் பின்னால் சுற்றி வந்தது.

"கொஞ்சம் அழுத்திப் பாக்கட்டுமாம்மா? எஞ்சினுக்கு நல்லது."

"அடுத்தவங்க பொருள்ங்க. ஒரு பக்கம்கூட மடங்காம திருப்பிக் கொடுக்கணும்."

நான்காவது வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு தரையில் உரசியது. 'கிர்' என்று ஒரு சத்தம். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவனே, அந்த மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் என்றாள். லிஃப்ட்காரருக்கு, மறுபடியும் லிஃப்டிலேயே ஏறிவிட்ட மாதிரி இருந்தது. மேலே ஏறி, கீழே இறங்கி, மேலே ஏறி, கீழே இறங்கி.

உரசிய இடத்தைப் பார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். மனைவி நூலகத்துக்குக் கிளம்பிப் போன பிறகு வரச்சொல்லியிருந்தார் இவர். அந்த மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம். பழுதைக் கண்டால் உச்சுக்கொட்டுவார். ஒரு உச்சு என்றால் ஒரு வாரச் செலவு. இரண்டு உச்சு என்றால் ஒரு மாதப் பென்ஷன். லிஃப்ட்காரர் கைகட்டி நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அடியில் எண்ணெய் கசிவு. உச்சு. பிரேக் தட்டு தேய்ந்து காகிதமாகிவிட்டது. உச்சு உச்சு. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது?

"டாக்டர் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல மாட்டாங்க சார். அது அறுந்துச்சுன்னா எஞ்சினே போச்சு. அதை மாத்தணும்னா எஞ்சினை வெளியில எடுக்கணும்."

பெல்ட்டின் விலை ஒரு சட்டை விலைதான். அதைப் போடுவதற்கான கூலியில் ஊருக்கே சட்டை எடுக்கலாம். எஞ்சின் எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும், கிளட்சையும் மாற்றிவிடலாம், இன்னொரு தடவை எடுத்தால் இன்னொரு கூலி என்றார் மெக்கானிக். நியாயமாகத்தான் பட்டது. அந்த மாதிரி நியாயமாகப் பட்டதெல்லாம் சேர்ந்துதான் மனிதரை மூழ்கடித்தது.

வாங்கும்போது விலையைக் கேட்டாரே தவிர, வளர்க்க என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. சாதாரணப் பெட்ரோல் அதற்கு ஆகாது. உயர்ந்த ரகம்தான் வேண்டும், அதையும் ஷெட்டில் நின்றபடியே குடிக்கிறதோ என்னவோ, முள் இறங்கிக்கொண்டே இருந்தது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். எஞ்சின் பெரிது என்பதால் அதுவும் பெரிது. பெயரை மாற்றினால் வரிச் சீட்டு தபாலில் வந்து குட்டை உடைத்துவிடும். ஆகவே பல் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெயர்மாற்றப் படிவத்தில், வாங்குபவர் பெயர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டு மேஜை இழுப்பறையில் வைத்தார். இன்சூரன்சை டாக்டர் பேரிலேயே கட்டினார்.

இரண்டாவது மாதம் டயர். அந்த அகலத்தில் டயர் உள்ளூரில் கிடையாது. வரவழைக்க வேண்டும். வந்தபோது லிஃப்ட்காரர் வீட்டில் இல்லை. நாலு டயரையும் இறக்கிவிட்டு நின்ற ஆளுக்கு, விடுப்பில் இருந்த அந்த அம்மாள் தன் சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நாலு டயரின் விலையில் ஒரு ஃபிரிட்ஜும் ஒரு வாஷிங் மெஷினும் வாங்கலாம் என்று ரசீதைப் பார்த்துக் கணக்கும் போட்டுவிட்டாள்.

"அவர் வண்டிக்கு நாம ஏங்க டயர் வாங்கணும்? ஒரு லெட்டர் போடுங்க."

"அவர் நல்லவர்மா. கேட்டா கூச்சப்படுவார்."

"கூச்சப்படாம நான் எழுதறேன். எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன்."

எழுதினாள். ஆண்டுக்கணக்கில் புத்தகத்தைத் திருப்பாதவர்களுக்கு எழுதி எழுதிப் பழகிய கை. ஒரு சொல்கூடக் கடுமை இல்லை. படித்தால் உடனே பணத்தை எடுத்து நீட்டத் தோன்றும். நானே தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போன லிஃப்ட்காரர், பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தார். அவருக்கே கண் கலங்கியது.

மூன்று வாரம் கழித்து, அடுத்த மாதப் பென்ஷனை அப்படியே ஒரு உறையில் போட்டு, கூடவே ஆறாவது மாடிக்காரர் எழுதியதாக ஒரு கடிதமும் இடது கையால் எழுதி, யாரோ கையில் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி மனைவியிடம் நீட்டினார்.

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "டயர்கள் நான்கும் மாற்றப்பட்டதாக அறிந்தேன். திருப்திகரம். தொகை இணைக்கப்பட்டுள்ளது. அடுத்த பரிசோதனை வரை வண்டியை இயக்கலாம்."

முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். வலது கையை ஏமாற்றலாம், பழக்கத்தை எப்படி ஏமாற்றுவது?

"உங்க ஃபிரண்டு உங்களை மாதிரியே எழுதறாரே" என்றாள்.

"எங்கூடவே லிஃப்டில வந்து வந்து, அவருக்கும் தொத்திக்கிச்சு."

"அப்படியா" என்று கடிதத்தை மடித்துப் பத்திரப்படுத்தினாள். லிஃப்ட்காரர் மூச்சு விட்டார்.

அவசரப்பட்டு விட்டுவிட்டார். இவ்வளவு ஒழுங்காகப் பணம் அனுப்புகிற மனிதரிடம் ஷெட் வாடகையும் கேட்டால் என்ன என்று அந்த அம்மாளுக்குத் தோன்றிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வாடகைக்குக் கேட்டு எத்தனை நாளாகிறது, நட்புக்காகச் சும்மா விட்டிருக்கிறோம், அவரும் நியாயம் தெரிந்தவர்தானே என்றாள். அன்றிலிருந்து லிஃப்ட்காரர், தன் சொந்தக் காரைத் தன் சொந்த ஷெட்டில் நிறுத்துவதற்கு, மாதம் பிறந்தால் தன் மனைவிக்கு வாடகை கட்டினார். ஒரு மாதம் இரண்டு நாள் தாமதமானது. அபராதம் வேண்டாம், முதல் தடவைதானே என்று ஆறாவது மாடிக்காரரைப் பெருந்தன்மையாக மன்னித்தாள்.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஒன்று இருந்தது. தினமும் விளக்கேற்றிக் கண்மூடி நிற்கும்போது, மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகணும், இவர் முட்டி வலி குறையணும் என்று வேண்டுகிற வரிசையில், ஆறாவது மாடிக்காரர் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும், அவருக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் கொடு என்றும் சேர்த்துக்கொண்டாள். பக்கத்தில் கைகூப்பி நின்ற லிஃப்ட்காரர் ஒவ்வொரு நாளும் எந்தக் காலில் நிற்பது என்று தெரியாமல் நெளிந்தார்.

வேண்டுதல் முடிந்ததும் கேள்வி வரும். "டிக்கெட் விலை இறங்கிச்சாங்க?"

"இன்னும் இறங்கலம்மா."

"மகளுக்கு ஆறாவது மாசம் முடியப் போகுது."

"இறங்கும். இறங்காம எங்க போகப் போகுது?"

ஒரு நாள் துணிந்து, ஆறாவது மாடிக்காரர் இந்த வண்டியை எனக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்று ஆரம்பித்தார். இரவல் போய்ச் சொந்தமாகிவிட்டால், பகிரங்கமாக விற்றாவது டிக்கெட் எடுக்கலாமே. அந்த அம்மாள் பதறிப்போனாள். அவ்வளவு பெரிய பொருளை ஒருத்தர் சும்மா கொடுத்தால் நாம் சும்மா வாங்கிக்கொள்வதா, அவர் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன நினைப்பார்கள், அந்தப் பாவம் நமக்கு வேண்டவே வேண்டாம் என்றாள். இல்லாத மனிதருக்கு அன்றைக்குப் பெண்டாட்டியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்ததுதான் மிச்சம்.

இப்படியிருக்கும்போது ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து நிமிஷச் சவாரியில் ஏழாவது நிமிஷம், வண்டியின் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டார்கள். மெக்கானிக் வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார். லிஃப்ட்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

உச்சு வரவில்லை. மெக்கானிக் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"ஹெட் காஸ்கெட் சார்."

எவ்வளவு ஆகும் என்று இவர் கேட்டார். அவர் சொன்னார். இரண்டு விமான டிக்கெட் வாங்கி, வழியில் சாப்பிடவும் மீதி இருக்கும். செலவு பண்ணாதீர்கள் சார், உடற்பயிற்சிக்கூடம் வைத்திருக்கிற ஒருத்தர் இந்த ரக வண்டிக்கு அலைகிறார், இருக்கிறபடியே எடுத்துக்கொள்வார், புது டயர், புதுக் கிளட்ச், புதுப் பெல்ட் என்று நல்ல விலையே கொடுப்பார் என்றார் மெக்கானிக். அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நின்றாள்.

லிஃப்ட்காரர் சுதாரித்துக்கொண்டு சிரித்தார். "விக்கறதுக்கு இது என்ன என் வண்டியா?"

"ஆமா தம்பி" என்றாள் அவளும். "அது இவர் ஃபிரண்டோடது. அவரைத்தான் கேக்கணும். அந்த உடற்பயிற்சிக்காரர் நம்பர் மட்டும் கொடுத்துட்டுப் போங்க, இவர் லெட்டர்ல எழுதிடுவார்."

விற்றுத்தொலைத்திருக்கலாம். ஆனால் ஐந்து மாதத்தில் அந்த வண்டியை அவர் ஒரு தடவைகூட வேகமாக ஓட்டிப் பார்க்கவில்லையே. இத்தனை செலவு செய்து, சைக்கிளுக்குப் பின்னால் போனதோடு முடிவதா? கடைசியாக ஒரு முறை கடன் வாங்கிச் சரிபண்ணி, மனைவி நூலகத்தில் இருக்கும் நேரத்தில், நெடுஞ்சாலையில் ஒரே ஒரு அழுத்து அழுத்திவிட்டு, அதற்கப்புறம் விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். ஆசை என்பது அப்படித்தான். பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் மாதிரி இருக்கும்.

அடுத்த ஞாயிறு காலையில், பழைய ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் கைமாற்றுக் கேட்க நகரத்தின் அந்தக் கோடிக்குப் போனார். மனைவியிடம் டிக்கெட் விசாரிக்கப் போவதாகச் சொன்னார். நல்லபடியா போயிட்டு வாங்க, அவசரமே இல்லை என்று வாசல் வரை வந்து அனுப்பினாள். நண்பர் காபி கொடுத்தார், தன் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் விலாவாரியாகச் சொன்னார், கடைசியில் இவரிடமே ஒரு சின்னத் தொகை கைமாற்றுக் கேட்டார்.

மத்தியானம் வெயிலில் திரும்பி வந்தார். ஷெட் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. கறைக்கு மேலே ஒன்றும் இல்லை.

"ஏம்மா, கார் எங்கம்மா?"

அந்த அம்மாள் படுக்கை விரிப்பு உறைகளைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"உங்க ஃபிரண்டு வந்து எடுத்துட்டுப் போயிட்டாருங்க."

"எந்த ஃபிரண்டு?"

"என்ன கேள்வி இது? ஆறாவது மாடிக்காரர்."

லிஃப்ட்காரர் வீட்டுக்குள் ஓடினார். மேஜை இழுப்பறையைத் திறந்தார். பல் டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் இல்லை. வண்டியின் இன்னொரு சாவி இல்லை. மெக்கானிக் நம்பர் எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும், உடற்பயிற்சிக்கூடத்தின் பெயரோடு, இழுப்பறையின் நடுவில் கண்ணில் படும்படி கிடந்தது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காலியாக விட்ட இடத்தில் இந்நேரம் யார் பெயர் ஏறியிருக்கும் என்பது உட்பட.

ஒரே ஒரு வாக்கியம் போதும். அது என் கார். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் அடுத்த நிமிஷம் எந்தப் பணத்தில் வாங்கினீர்கள் என்று கேட்பாளே. திறந்த வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் உள்ளே வந்து, ஃபேனைச் சுழலவிட்டு, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவு நல்ல மனிதரைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தாள். வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதற்கு, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், ஒரு பெரிய தொகையைக் கையில் திணித்துவிட்டுப் போனாராம். அதில் இவள் நேரே போய் இரண்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டாளாம். கொஞ்சம் குறைந்ததாம். இத்தனை மாதமாக அவர் அனுப்பிய ஷெட் வாடகையைப் போட்டுச் சரிக்கட்டியாகிவிட்டதாம்.

"வர்ற பதினெட்டாம் தேதி கிளம்பறோம். மகள்கிட்டயும் சொல்லிட்டேன். பாவம், போன்லயே அழுதுட்டா. உங்ககிட்ட இருக்கே டிக்கெட் பணம், அதை நான் தொடலைங்க. அது வங்கியில அப்படியே பத்திரமா இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றார் லிஃப்ட்காரர்.

அவருக்கு மனசு ஆறவில்லை. ஐந்து மாதப் பென்ஷனையும் தூக்கத்தையும் தின்ற அந்தச் சிவப்பு வண்டியை, போகும்போது ஒரு தடவை தடவிக் கொடுக்கக்கூட முடியவில்லையே.

"நான் வர்ற வரைக்குமாவது அவர் இருந்திருக்கலாம்" என்றார் மெல்ல.

"நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேங்க" என்றாள் அந்த அம்மாள், காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டே. "உங்க முகத்துல முழிக்க அவருக்கு வெக்கமா இருக்காம்."